பதிமூன்றோடு நின்ற எண்ணிக்கை

எங்கள் பள்ளியில் அவரை எல்லோரும் எண்ணக்கா என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று அவரே திரும்பிப் பார்ப்பார். பள்ளிப் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. இருபத்தைந்து வருடமாக அதே வேலை, படிக்கு எதிரே அதே ஒற்றை இருக்கை. இடுப்பில் ஒரு பை கட்டியிருப்பார். வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் உறை, ஊக்கு, பஞ்சு, கைக்குத் தடவும் சானிடைசர், இவற்றோடு ஒரு கறுப்பு மார்க்கர். தலைமை ஆசிரியரைவிட அந்த மார்க்கருக்குத்தான் பிள்ளைகள் அடங்குவார்கள்.

ஏறும்போது எண்ணுவார். இறங்கும்போது எண்ணுவார். நடுவில் சிக்னலில் நின்றால், சும்மா இருக்க முடியாமல் இன்னொரு தடவை எண்ணுவார். ஆசிரியர் கூட்டத்துக்கு டீ கொண்டுவந்தாலும் வாசலில் நின்று தலைகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் தட்டை மேஜையில் வைப்பார். வெளியூர்ச் சுற்றுலா என்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் இடது முன்கையிலும், உள்பக்கமாக, மார்க்கரால் ஒரு எண் எழுதுவார். நாள் முடியும்வரை அந்தப் பிள்ளைக்கு அதுதான் பெயர். தோளைத் தொட்டால் எண்ணைச் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார்.

"தொலைஞ்சுட்டா என்ன பண்ணணும்?"

"கடைசியா எண்ணின இடத்துல போய் நிக்கணும். அசையக் கூடாது" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும்.

இந்தப் பைத்தியம் அவருக்கு என்னால் பிடித்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. பஸ்ஸின் கடைசி இருக்கைக்குக் கீழே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார். டிரைவர் பஸ்ஸைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்திப் பூட்டினார். வகுப்பில் நான் இல்லை என்று தெரிந்து வீட்டுக்குப் போன் போனது. அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். அம்மா ஒரு பக்கம், எண்ணக்கா ஒரு பக்கம், என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பள்ளியையே புரட்டியிருக்கிறார்கள். டிரைவர் தன் மூக்குக் கண்ணாடியைப் பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டார். அதை எடுக்கப் பஸ்ஸைத் திறந்தபோதுதான் என்னைப் பார்த்தார். இன்னும் அரை மணி ஆகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். எனக்கு இதில் எதுவுமே நினைவில்லை. நான் மயங்கிக் கிடந்தேன். அவர்கள் கத்தியது ஒன்றும் என் காதில் விழவில்லை.

ஒரு வாரம் கழித்து நான் திரும்பப் பள்ளிக்குப் போன அன்று, எண்ணக்கா என் கையைப் பிடித்து இழுத்து, உள்பக்கத்தில் '1' என்று எழுதினார். அதுதான் அவர் எழுதிய முதல் எண். அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் படித்து முடித்து அதே பள்ளிக்கு வரலாற்று ஆசிரியையாக வந்த பிறகும், நாலு பேர் முன்னால் 'டீச்சர்', தனியாக இருந்தால் 'ஏய் ஒண்ணு'. ஒருநாள் கோபம் வந்து கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா, என் பேரு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாம என்ன. அந்தப் பேரை அன்னைக்கு எவ்வளவு கத்தினேன்னு எனக்குத்தான் தெரியும். இனி அது என் வாயில வராது. விடு."

அம்மாவோ இருபத்து மூன்று வருடமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பதினோராம் வகுப்பு மாணவர்கள் இருபத்தாறு பேரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்ற யோசனை என்னுடையது. நாஜிகள் யூத மக்களை லட்சம் லட்சமாகக் கொன்ற வரலாற்றை நான் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். ஹோலோகாஸ்ட் என்ற சொல்லைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளைகள், அது நடந்த முகாமில் ஒரு நாளாவது நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். பெற்றோர் கூட்டத்தில் நான் அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். பேசி முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"எண்ணக்கா கூட வர்றாங்களா?"

அப்புறம் என்ன, ஐம்பத்தேழு வயதில் எண்ணக்காவுக்கு முதல் பாஸ்போர்ட் எடுத்தார்கள். என் அம்மாகூட, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ வந்தா நீ போ. அவ இன்னொரு தடவ விட மாட்டா" என்றாள்.

விமானத்தில் நான்தான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே வைத்திருந்தார்.

"அடுத்த வருஷம் ரிட்டயர்டு. இந்த இருபத்தாறையும் கொண்டுவந்து அதுங்க அம்மாங்க கையில குடுத்துட்டா போதும். அப்புறம் நிம்மதியா தூங்குவேன்" என்றார்.

"இப்போ தூங்கறதில்லையா?"

"கண்ணை மூடினா பஸ்ஸைத் திறந்து பார்க்கிற மாதிரியே வருது. குனிஞ்சு பார்க்கறேன். எல்லா தடவையும் கடைசி சீட்டுக்குக் கீழ யாரோ இருக்காங்க."

சும்மா இருங்க அக்கா என்று நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

முகாமுக்குப் போகவேண்டிய காலை. தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டு அறையில் பிள்ளைகள் ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எண்ணக்கா மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினார். வழக்கம்போல ஒன்று நான். பிள்ளைகள் இரண்டிலிருந்து இருபத்தேழு வரை. பதினான்காவதாக நின்றவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர், தூங்கும்போதுகூடப் பேசுவாள். "அக்கா, எனக்குக் கொஞ்சம் அழகா போடுங்க, போட்டோ எடுக்கப்போறேன்" என்று கையை நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. எண்ணக்கா எட்டாவதோடு நின்றவர், அவருக்குத் தெரியாது. படித்தவள் நான். அந்த முகாமில் மனிதர்களின் இடது கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள் என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டியவளே நான்தான். அப்படியிருந்தும் முதல் ஆளாகக் கையை நீட்டினேன். என் கையில் அந்த எண் ஐந்து வயதிலிருந்து இருக்கிறது. அது எனக்கு வேறு எதையும் ஞாபகப்படுத்தவில்லை, பாவி எனக்கு.

முகாமில் நல்ல குளிர். மதியத்திலேயே வெளிச்சம் சாம்பலாக இருந்தது. ஒரே அளவில் செங்கல் கட்டடங்கள், வரிசை வரிசையாக. நடுவில் கல் பாவிய பாதைகள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு வயதான பெண்மணி. அவர் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஓர் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் செருப்புகள், கூரைவரை. எண்ணக்கா அவற்றையும் எண்ணத் தொடங்கினார். உதடு அசைவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உதடு நின்றுவிட்டது.

அடுத்த அறையில் ஒரு போட்டோ, ஆள் உயரத்துக்கு. யாரோ ஒருவரின் நீட்டிய கை மட்டும். முன்கையில் மங்கிய எண். ரேடியோ அதுவரை என் காதோரம் குசுகுசுவென்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே சட்டென்று வாயை மூடினாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஸ்வெட்டர் கையை விரல் மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவள். அறை முழுக்கத் துணி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன், குளிருதா?" என்றார் எண்ணக்கா.

வெளியே வந்தோம். கட்டடங்களுக்கு நடுவே ஒரு பெரிய வெற்று மைதானம். அறையை விட்டு வந்தால் எண்ண வேண்டும், அது அவர் சட்டம். பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தினார். நான் தடுத்திருக்க வேண்டும். அவர் என் தோளைத் தொட்டார்.

"ஒண்ணு" என்றேன்.

ரெண்டு, மூணு, நாலு. எப்போதும் கத்திச் சொல்கிற பிள்ளைகள் முனகினார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணும் எதிரே இருந்த சுவரில் பட்டு, கொஞ்சம் தாமதமாக, எங்கள் பிள்ளைகளின் குரல் இல்லாத ஒரு குரலில் திரும்பி வந்தது. எதிரொலிதான். எனக்குத் தெரியாதா. ஆனாலும் முதுகு சில்லிட்டது. பதிமூன்று என்று ஒரு பையன் சொன்னதும் வழிகாட்டி ஓடி வந்து எண்ணக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தயவுசெய்து இந்த இடத்தில் வேண்டாம் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"என்னவாம் இவங்களுக்கு?"

"இங்கதான்க்கா, காலையிலயும் சாயங்காலமும் எல்லாரையும் இப்படி நிக்க வச்சு எண்ணுவாங்களாம்."

"எதுக்கு? யாரும் தொலைஞ்சிடக் கூடாதுன்னா?"

"இல்லக்கா. யாரும் தப்பிச்சிடக் கூடாதுன்னு. கணக்கு சரியா வரலைன்னா, வர்ற வரைக்கும் பனியில நிக்கணும். ராத்திரி செத்துப்போனவங்களையும் தூக்கிட்டு வந்து வரிசையில போடுவாங்களாம். அவங்களும் கணக்குல வரணும்."

எண்ணக்கா மைதானத்தைப் பார்த்தார். பிள்ளைகளின் இழுத்துவிட்ட கைகளைப் பார்த்தார். அந்தப் போட்டோ அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இடுப்புப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நான் இங்க எண்ண மாட்டேன்" என்றார். "ஏத்து பஸ்ல."

இருபத்து மூன்று வருடத்தில் அவர் எண்ணாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். பஸ்ஸில் ஏறியதும் நான் பொத்தாம்பொதுவாக, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன். வந்தாச்சு மிஸ் என்று இரண்டு மூன்று குரல் வந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன். கதவு மூடியது, பஸ் கிளம்பியது. யாரும் பேசவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்தது, அதைத் துடைக்கக்கூட ஒரு கை எழவில்லை. எண்ணக்கா முன் இருக்கையில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரை மணி போயிருக்கும். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ரேடியோ ஏன் பேசல?"

"இன்னைக்கு யார்க்கா பேசறா?"

"அவ தூக்கத்துலயே பேசற புள்ள."

எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் இருக்கையில், காலையில் வைத்துவிட்டுப் போன பை மட்டும் இருந்தது. பையின் வெளி அறையில் அவள் போன். பக்கத்துப் பெண் ஜன்னல் பக்கம் சாய்ந்தபடி, "பின் சீட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன் மிஸ்" என்றாள். வேறு நாளாக இருந்தால் அவள் இல்லாத பஸ்ஸின் அமைதியே எங்களுக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். அன்றைக்கு எல்லோரும் அமைதியாக இருந்ததில், அவளுடைய அமைதி மட்டும் தனியாகத் தெரியவில்லை.

எண்ணக்கா எழுந்து பஸ்ஸின் கடைசிவரை நடந்தார். கடைசி இருக்கைக்கு முன்னால் மண்டியிட்டு, குனிந்து, கீழே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. நான் கைகொடுத்துத் தூக்கினேன். அவர் கை ஐஸாக இருந்தது.

பஸ் திரும்பியது. முகாமுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. வாசலுக்குப் போனபோது பாதி கதவைச் சாத்திவிட்டார்கள். காவலாளியிடம் நான் அரையும் குறையுமாக விளக்கிக்கொண்டிருக்கும்போதே எண்ணக்கா உள்ளே போய்விட்டார். இருட்டிக்கொண்டு வந்தது. பனியில் கட்டடங்களின் கீழ்ப்பாதி தெரியவில்லை. அவர் எந்தப் பக்கமும் தேடவில்லை, நேராக நடந்தார். எங்கே போகிறார் என்று எனக்கும் புரிந்துவிட்டது. தொலைந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று பதினோரு வருடமாக அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

மைதானத்தின் நடுவில் அவள் நின்றிருந்தாள். இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன, தலை நேராக, ஓர் இம்மி அசையாமல். காலையில் போட்டிருந்த ஸ்வெட்டர் இல்லை. ஒரு கணம் அது எங்கள் பிள்ளை என்றே எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே எத்தனையோ வருடமாக நின்றுகொண்டிருக்கிற யாரோ என்றுதான் தோன்றியது.

எண்ணக்கா வாயைத் திறந்தார். பதினாலு என்று கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். உதடு 'ப' என்று சேர்ந்தது. அப்படியே மூடிக்கொண்டார். அவருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. எண் தெரியும், ரேடியோ தெரியும், பெயர் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. மறுபடி வாயைத் திறந்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. அது கூப்பிட்டது என் பெயரை.

மூன்று தடவை கூப்பிட்டார். சுவரில் பட்டு அது ஆறாக வந்தது. நான் அவருக்குப் பின்னால் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து வயதில் என்னை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பூட்டிய பஸ்ஸுக்குள் எனக்குக் கேட்காமல் போனது இந்தக் குரல்தான்.

"இருக்கேன்க்கா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் இங்க இருக்கேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தப் புள்ள பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அதை அவர் சொல்லிக் கூப்பிட்டதும் மைதானத்தில் நின்றவள் அசைந்தாள்.

நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தபோது அவள் கழிப்பறையில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். சோப்புப் போட்டும் எண் போகவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, தரை தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்திருக்கிறாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அப்படியும் நாலு என்ற எண்ணின் கால் மிச்சம் இருந்தது. பதற்றத்தில் ஸ்வெட்டரை அங்கேயே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தால் பஸ் இல்லை.

"கடைசியா எண்ணின இடம் இதுதானேக்கா" என்றாள். பல் தந்தியடித்தது. "ஆனா பதிமூணோட நிறுத்திட்டீங்க. என்னை எண்ணவே இல்ல."

எண்ணக்கா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அவர் காதோரம் குனிந்து சொன்னாள்.

"நான் நின்னதுக்கப்புறம் யாரோ எண்ணுற மாதிரி இருந்துச்சு. பதிமூணு வரைக்கும் வந்துச்சு. நான் பதில் சொல்லல."

எண்ணக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பட்டனைப் போட்டார்.

"சொல்லாம இருந்தியே, நல்லது" என்றார். "வா போகலாம்."

பஸ்ஸில் சானிடைசரையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு இருக்கை இருக்கையாகப் போனார். ஒவ்வொரு கையையும் மடியில் வைத்துத் துடைத்தார். உன் பேரு என்ன என்று கேட்டார். பதினோரு வருடமாக அவரோடு பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகள், புதிதாகச் சேர்ந்தவர்களைப்போலக் கூச்சத்தோடு பெயரைச் சொன்னார்கள். ஒரு பெயரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். கடைசியில் என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்தார், துடைத்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் பெற்றோர் கூட்டம். எண்ணக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் அம்மா அப்பா கையில் பிடித்துக்கொடுத்தார். நடுவில் இரண்டு பேரை மாற்றிச் சொல்லிவிட்டார், பிள்ளைகளே திருத்தினார்கள். ரேடியோவின் அம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் அவரே சொன்னார். என் வேலை போனாலும் பரவாயில்லை என்றார். அந்த அம்மா மகளின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இருபத்தாறு பேரும் போய்விட்டார்கள். தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் என் அம்மா நின்றிருந்தாள். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். எண்ணக்கா என் கையைப் பிடித்து அவள் எதிரில் கொண்டுபோய் நிறுத்தினார். என் பெயரைச் சொன்னார்.

"வந்துட்டா" என்றார். "பார்த்துக்கோங்க. நான் கிளம்பறேன்."

அம்மா என் கையை வாங்கிக்கொண்டாள். எண்ணக்கா திரும்பி நாலடி வைத்திருப்பார்.

"ஏம்மா" என்றாள் என் அம்மா. இருபத்து மூன்று வருடம் கழித்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. எண்ணக்கா நின்றார்.

"போய்த் தூங்கு" என்றாள் அம்மா.